நெருப்புன்னா வாய் வெந்துடுமா?

"தீப்பிடிச்சா தெரியாமலா போயிடும்?"

போன மாசம் ஒரு ஹேங்கர்ல நின்னுக்கிட்டு இருந்தப்ப பெரியவர் ஒருத்தர் என்னைக் கேட்ட கேள்வி இது. கேட்டுட்டு சிரிச்சார். பக்கத்துல நின்ன ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் மரியாதைக்கு ஒரு சிரிப்பு சிரிச்சு வெச்சேன். வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அந்தச் சிரிப்பு உறுத்திக்கிட்டே இருக்கு. நான் சிரிச்சிருக்கக் கூடாது. அன்னிக்கு வாயில வராத பதிலைத்தான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். பொறுத்துக்கோங்க.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. அமெரிக்காவுல ஒருத்தர் தன் வீட்டு கராஜ்லயே விமானம் கட்டி, அதுல ஏறிப் பறக்கலாம். சட்டமே அனுமதிக்குது. பாதிக்கு மேல வேலையைக் கத்துக்கறதுக்காகவும் ஆசைக்காகவும் தன் கையால செஞ்சிருக்கணும், அவ்வளவுதான். '51 சதவீத விதி'ன்னு செல்லமா சொல்லுவாங்க. ஆய்வாளர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு சான்றிதழ் கொடுப்பார். விமானத்து உடம்புல 'எக்ஸ்பெரிமெண்டல்'னு எழுதணும். அப்புறம் ஒதுக்கிக் கொடுத்த பகுதிக்குள்ள 25 மணி நேரமோ 40 மணி நேரமோ சோதனையா ஓட்டிப் பார்க்கணும். முடிஞ்சுது. ஒரிகன் மாநிலத்து வேன்ஸ் கம்பெனியோட ஆர்.வி. வகை விமானங்கள் மட்டுமே பத்தாயிரத்துக்கும் மேல இப்படி ஆளுங்க கட்டிப் பறந்திருக்கு. விளையாட்டு இல்ல.

இதுல இன்னொரு ஜாதி இருக்கு. பர்ட் ருட்டான்னு ஒரு மேதை. 1975-ல வேரிஈஸின்னு ஒரு விமானத்தையும், 1979-ல லாங்-ஈஸின்னு அதோட அண்ணனையும் பறக்க விட்டார். சின்ன இறக்கை முன்னாடி, பெரிய இறக்கை பின்னாடி, எஞ்சினும் விசிறியும் ஆளுக்குப் பின்னாடி. பின்னாலேர்ந்து தள்ளும், அதனால 'புஷர்'. அந்த வழியில வந்ததுதான் நாலு பேர் உட்கார்ற கோஸி. உடம்பு முழுக்க நுரைப்பலகையும், கண்ணாடி நார்த் துணியும், எபாக்ஸி பசையும்.

நம்ம பெரியவர் கட்டினது இந்த ஜாதி. ஒம்பது வருஷ உழைப்பு. நான் பைலட் இல்ல. சனிக்கிழமை சனிக்கிழமை அவருக்கு எடுபிடி. துணியை எபாக்ஸியில நனைச்சு ஒட்டறது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறது, டீ போடறது எல்லாம் நம்ம டிபார்ட்மெண்ட். அவர் மேல எனக்கு மரியாதையும் உண்டு, பாசமும் உண்டு. அதனாலதான் இந்தக் கோவமே.

*

அன்னிக்கு அவர் புதுசா மாட்டின பேனலைக் காட்டிக்கிட்டு இருந்தார். ரெண்டு பெரிய ஸ்க்ரீன். ஆட்டோ பைலட். பக்கத்துல எந்த விமானம் பறக்குது, எங்க மழை பெய்யுது, எல்லாம் வண்ண வண்ணமா வருது. எஞ்சின் பக்கத்தைத் தட்டினார். நாலு சிலிண்டருக்கும் தலைச் சூடு தனித்தனியா, புகைக்குழாய்ச் சூடு தனித்தனியா. ஆக மொத்தம் எட்டு தெர்மோகப்பிள். ஆயில் சூடு, ஆயில் அழுத்தம், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பெட்ரோல் போகுதுங்கறது வரைக்கும், அதுவும் தசம புள்ளி வெச்சு!

நான் கேட்டேன்: "எஞ்சின் ரூம்ல தீப்பிடிச்சா இதுல எங்க தெரியும்?"

அதுக்குத்தான் மேல இருக்கிற பதிலும் சிரிப்பும்.

யானை வாங்கக் காசு இருந்தவனுக்கு அங்குசம் வாங்க மனசு வரலைங்கற கதைதான். பல ஆயிரம் டாலர் பேனலுக்குப் போட்டிருக்கார். தீ வந்தா சொல்றதுக்கு ஒரு சின்ன உணரி இல்ல. இவர் மட்டும் இல்ல. நான் எட்டிப் பார்த்த ஹேங்கர்கள்ல பாதிக்கு மேல இதே கதைதான். கேட்டா ஒண்ணு சிரிக்கிறாங்க, இல்லைன்னா ஏதோ அபசகுனமா பேசிட்ட மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடுமா என்ன?

*

"தெரியாமலா போயிடும்?" – தெரியாமப் போச்சு ஐயா. என் முதுகுக்குப் பின்னாடியே தெரியாமப் போச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி இன்னொரு நண்பரோட லாங்-ஈஸியில பின் சீட்டுல உட்கார்ந்து போனேன். அதுல ரெண்டு பேரும் ஒருத்தர் பின்னால ஒருத்தர் உட்காரணும். பின் சீட்டுக்காரன் கிட்டத்தட்ட ஃபயர்வால் மேல சாஞ்சுக்கிட்டுத்தான் போவான். (நம்ம கம்ப்யூட்டர் மக்கள் தினமும் சொல்ற ஃபயர்வால் இல்ல, அந்தப் பேருக்கே சொந்தக்காரன். எஞ்சினுக்கும் ஆளுக்கும் நடுவுல நிக்கிற நிஜமான தீத்தடுப்புச் சுவர்.) ஒரு மணி நேரம் பறந்தோம். கீழ ஏரி, வயல், சின்னச் சின்ன ஊர்னு சுகமா வேடிக்கை பார்த்துக்கிட்டு வந்தேன். இறங்கினோம். பர்கர் சாப்பிட்டோம். திரும்பவும் அதே வண்டியில வந்து சேர்ந்தோம்.

அடுத்த வாரம் வேற ஏதோ வேலைக்காக எஞ்சின் மூடியைக் கழட்டினப்ப பார்த்தா, புகைக்குழாய்ல ஃப்ளாஞ்சுக்குப் பக்கத்துல ஒரு விரிசல். அதுக்கு நேரா மூடியோட உள்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்குக் கருகி இருந்தது. தோசையை அடுப்புல மறந்துட்டா அடிப்பக்கம் எப்படி இருக்கும், அப்படி. பசை வெந்து உதிர்ந்து கண்ணாடி நார் வெறும் நூலா தொங்குது. அங்கேர்ந்து பெட்ரோல் ஹோஸ் ஒரு சாண் தூரம்கூட இல்ல. ஒரு சாண்!

எத்தனை தடவை அப்படிப் பறந்தோம்? தெரியாது. அந்த வண்டியிலயும் எட்டு தெர்மோகப்பிள் இருந்தது. எட்டும் தன் வேலையை ஒழுங்காத்தான் பார்த்தது. குழாய்க்கு உள்ள இருக்கிற சூட்டைச் சொல்லுச்சு. குழாயை விட்டு வெளிய வந்த சூட்டைச் சொல்லத்தான் அங்க நாதி இல்ல.

*

புஷர்ல ஏன் இது கூடுதல் மோசம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மனுஷனுக்குத் தீயைக் காட்டிக் கொடுக்கறது கண்ணு, மூக்கு, காது. பைலட்டோட கண்ணு முன்னாடி பார்க்குது, எஞ்சின் பின்னாடி இருக்கு. புகையும் நாத்தமும் பின்பக்கமா விசிறி வழியா மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல ஓடிப் போயிடும், மூக்குக்கு வராது. காதைப் பத்திச் சொல்லவே வேணாம், எஞ்சின் சத்தத்துல எதுவும் கேக்காது. மூணும் அவுட். பெட்ரோல் டேங்க் எங்க இருக்குன்னு நினைக்கறீங்க? ரெண்டு பக்கமும் இறக்கை அடியில, ஃபயர்வாலை ஒட்டி. இந்த விமானங்களுக்கு வெள்ளைப் பெயிண்ட் மட்டும்தான் அடிக்கணும்னு சொல்லுவாங்க, தெரியுமா? கருப்பு அடிச்சா வெயில் சூட்டுலயே பசை இளகிடும்னு பயம். வெயிலுக்கே பயப்படற உடம்புக்குப் பக்கத்துல 700, 800 டிகிரி செல்சியஸ் புகை போற குழாய். அதுல விரிசல் விட்டா?

"எங்களது புஷர் இல்லையே, எஞ்சின் முன்னாடிதான் இருக்கு"ன்னு ஆர்.வி. கோஷ்டி சந்தோஷப்பட வேணாம். உங்க எஞ்சினைக் குளிர வைக்கிற காத்து மேலேர்ந்து கீழ இறங்கி, ஃபயர்வாலுக்கு அடியில வயித்துப் பக்கமா வெளிய போகுது. தீயும் அந்த வழியாத்தான் போகும். அதாவது உங்க காலுக்கு அடியில. கண்ணாடி வழியா நீங்க பார்க்கறது பளபளன்னு எஞ்சின் மூடியோட மேல்பக்கத்தை. மேல் பெயிண்ட் கொப்புளிக்கற வரைக்கும் காத்திருப்பீங்களா? உங்க விமானத்தோட தரை அலுமினியம். தூய அலுமினியமே 660 டிகிரியில உருகிடும், விமானத்துல போடற கலவை அதுக்கும் முன்னாடியே. பெட்ரோல் தீ அதையெல்லாம் சர்வ சாதாரணமா தாண்டும்.

*

இப்ப சட்டத்துக்கு வருவோம். இங்கதான் எனக்கு ரத்தம் கொதிக்குது.

தொழிற்சாலையில செஞ்சு விக்கிற சின்ன விமானங்களுக்கு அமெரிக்காவுல விதிப்புத்தகம் 23-ஆம் பகுதி. அதுல 23.1203-னு ஒரு விதி ரொம்ப வருஷம் இருந்தது. எந்தெந்த விமானத்துக்குத் தீ உணரி கட்டாயம்னு அதுல பட்டியல். டர்பைன் எஞ்சின் ரெண்டு இருந்தா வேணும். டர்போசார்ஜர் வெச்ச எஞ்சின் ரெண்டு இருந்தா வேணும். கம்யூட்டர் வகைக்கு வேணும். இதோட இன்னொண்ணும் சொல்லுச்சு: பைலட் உட்கார்ற இடத்துலேர்ந்து எஞ்சின் லேசுல கண்ணுக்குத் தெரியாதுன்னா, அந்த விமானத்துக்கும் வேணும்!

படிச்சீங்களா? லாங்-ஈஸி மாதிரி ஒண்ணை ஒரு கம்பெனி செஞ்சு அந்த விதிப்படி சான்றிதழ் கேட்டிருந்தா, தீ உணரி இல்லாம கதவைக்கூடத் திறந்திருக்க மாட்டாங்க. அதே வடிவத்தை கராஜ்ல நாம கட்டினா எதுவும் வேணாம். ஏன்னா 23-ஆம் பகுதி நமக்குப் பொருந்தாது. 2017-ல அந்தப் பகுதியை மொத்தமா மாத்தி எழுதினாங்க, பழைய எண் போயிடுச்சு. சரி, எண் போச்சு. எஞ்சின் இன்னும் முதுகுக்குப் பின்னாடிதானே இருக்கு?

"சட்டம் கேக்கல, அதனால தேவையில்ல"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு கேக்கறேன். சட்டம் உங்களை ஏன் விட்டு வெச்சிருக்கு? நீங்களே யோசிச்சுக்குவீங்கங்கற நம்பிக்கையில. அந்த நம்பிக்கைக்கு நாம காட்டற மரியாதை இதுதானா? 2012-ல அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி. வீட்டு விமானங்களைப் பத்தி தனியா ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 2011 கணக்குப்படி சின்ன விமானங்கள்ல நம்ம பங்கு கிட்டத்தட்ட 10 சதவீதம். விபத்துல 15 சதவீதம். உயிர் போன விபத்துல 21 சதவீதம். இதுல தீயோட பங்கு சின்னதுதான், மறைக்கல. எஞ்சின் நின்னு போறதும் கட்டுப்பாடு தவறுறதும்தான் பெரிய காரணங்கள். ஆனா இந்த மூணும் வேற வேற வீடு இல்ல. ஒழுகுற ஒரு பெட்ரோல் இணைப்பு ஒரு நாள் எஞ்சினை நிறுத்தும், இன்னொரு நாள் தீ வைக்கும்.

*

சரி, ஹேங்கர்ல நான் கேட்ட சாக்குப்போக்குகளை வரிசையா எடுத்துக்குவோம்.

1. "செஸ்னாவுலயே கிடையாதே!"

உண்மைதான். ஒத்தை எஞ்சின் செஸ்னா 172-ல பொதுவா தீ உணரி கிடையாது. ஆனா அந்த ஹோஸ், அந்தக் குழாய், அந்த ஃபயர்வால் எல்லாம் ஒரே மாதிரி ஆயிரக்கணக்குல செஞ்சு, சோதிச்சு, எங்க விரிசல் விடும்னு அறுபது எழுபது வருஷ அனுபவத்துல தெரிஞ்சு வெச்சது. உங்களுது உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு. அந்த ஹோஸை அந்த வளைவுல கொண்டு போனது நீங்க ஒருத்தர்தான். முதல் 40 மணி நேரத்துல எது கழண்டுக்கும்னு உங்களுக்கும் தெரியாது, ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

2. "தீயணைப்பு சிலிண்டர் இல்லாம தீ உணரி எதுக்கு? தெரிஞ்சு என்ன பண்ண?"

இதைக் கேட்டப்பதான் எனக்கு நிஜமாவே தூக்கிவாரிப் போட்டது. பெட்ரோல் வால்வு எதுக்கு ஐயா இருக்கு? ஒத்தை எஞ்சின் விமானத்துல அதுதான் முதல் தீயணைப்புக் கருவி. செஸ்னா கையேட்டுலயே அதானே இருக்கு: மிக்ஸ்சரை இழு, பெட்ரோலை மூடு, மாஸ்டர் ஸ்விட்சை அணை, கேபின் சூட்டையும் காத்தையும் அடை, வேகத்தைக் கூட்டு, இறங்கு. இதுல ஒவ்வொண்ணும் தெரிஞ்சாத்தான் பண்ண முடியும்.

இங்க ஒரு கணக்கு போடுவோம். விமானத் துறையில தீயைத் தாங்கற பொருளுக்கு ரெண்டு தரம். ஒண்ணு, சுமார் 1,090 டிகிரி சுடர்ல 5 நிமிஷம் தாங்கணும். இன்னொண்ணு 15 நிமிஷம். பெட்ரோல் ஹோஸ் பெரும்பாலும் 5 நிமிஷத் தரம், அதுவும் நீங்க நல்ல ஹோஸ் வாங்கியிருந்தா. ஃபயர்வால் 15 நிமிஷம், அதுவும் நீங்க கம்பி விட்ட ஓட்டையை எல்லாம் ஒழுங்கா அடைச்சிருந்தா. இப்ப நீங்க 8,000 அடியில இருக்கீங்க. நிமிஷத்துக்கு 1,500 அடி வேகமா இறங்கினாலும் தரைக்கு வர அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகும். தீ தொடங்கி மூணு நிமிஷம் கழிச்சு உங்களுக்குத் தெரிஞ்சா, கணக்கு இடிக்குதா இல்லையா? உணரி கொடுக்கறது அந்த மூணு நிமிஷத்தை. சிலிண்டர் வெச்சாலும் அந்த மூணு நிமிஷம் திரும்ப வராது.

3. "பொய் அலாரம் அடிச்சுக் கழுத்தறுக்கும்."

நியாயமான பயம். இதை மட்டும் நான் சிரிச்சுத் தள்ள மாட்டேன். பெரிய விமானங்கள்லயும் ஆரம்ப காலத்துல இந்தத் தொல்லை இருந்தது. பொய் அலாரத்தை நம்பி நல்ல எஞ்சினை அணைச்சுட்டு வயல்ல இறங்கறது சாதாரண ஆபத்து இல்ல. ஆனா இதுக்கு அவங்க கண்ட தீர்வு உணரியைக் கழட்டி எறியறது இல்ல, ரெண்டா வைக்கறது. ரெண்டு தனித்தனி வளையம், ரெண்டும் சொன்னா தீ. ஒண்ணு மட்டும் சொன்னா சந்தேகம். சந்தேகம்னா பவரைக் குறை, சூடு இறங்குதான்னு பாரு, லேசா ஒரு வட்டம் அடிச்சுப் பின்னால புகைக் கோடு தெரியுதான்னு பாரு, பக்கத்துல இருக்கிற ஓடுதளத்துப் பக்கம் திரும்பு. இவ்வளவுதான்.

4. "எடை, செலவு."

பேசாதீங்க. சீட்டுக்குத் தோல் உறை போட்டவர் எடையைப் பத்திப் பேசக் கூடாது. :-)

5. "நான் ஒழுங்கா கட்டியிருக்கேன், எனக்குத் தீப்பிடிக்காது."

எல்லாரும் ஒழுங்காத்தான் கட்டறோம். அந்தக் குழாயில விரிசல் விட்ட நண்பரும் ஒழுங்காத்தான் கட்டினார். வெல்டிங் ஓரம் அதிர்வுல களைச்சுப் போறதுக்கு உங்க ஒழுக்கம் தெரியாது.

*

திட்டறது சுலபம், என்ன பண்ணணும்னு சொல்லுன்னு கேப்பீங்க. சொல்றேன்.

ஏர்லைன்ல இருக்கறது எஞ்சினைச் சுத்தி ஓடற மெல்லிய உலோகக் குழாய். இன்கொனல் குழாய்க்குள்ள ஒரு கம்பி, நடுவுல பீங்கானோ உப்போ. சூடு ஏறினா அதோட மின்தடை விழுந்து அலாரம் அடிக்கும். இன்னொரு வகையில குழாய்க்குள்ள வாயு, சூட்டுல அழுத்தம் ஏறி ஸ்விட்சைத் தட்டும். அருமையான சாமான்தான். நம்ம பட்ஜெட்டுக்கு ஆகாது. விடுங்க.

நமக்கு ஆகறது மூணு.

முதலாவது, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கின அந்த ஸ்க்ரீன். பெரும்பாலான எஞ்சின் மானிட்டர்கள்ல மிச்சம் சில இன்புட் காலியா கிடக்கும். எட்டு தெர்மோகப்பிள் வெச்ச கைக்கு ஒம்பதாவதும் பத்தாவதும் வைக்க என்ன நோவு? 'கே' வகை தெர்மோகப்பிள் ரெண்டு, எஞ்சின் ரூம்லேர்ந்து காத்து வெளிய போற வாசல்ல இடது ஒண்ணு, வலது ஒண்ணு. உள்ள எங்க சூடு ஏறினாலும் காத்து அந்த வாசல் வழியாத்தான் போயாகணும். கூடவே ஒரு லாபம் – தீ வரும் முன்னாடியே, போன மாசத்தை விட இந்த மாசம் ஒரு பக்கம் மட்டும் பத்து டிகிரி கூட இருக்கேன்னு கண்ணுல படும். அன்னிக்கு அந்தப் புகைக்குழாய்க்கு இது இருந்திருந்தா...

ரெண்டாவது, கட்டடங்கள்ல கேபிள் பாதைக்குப் போடற சூடு உணரும் வயர். முறுக்கின ரெண்டு கம்பி, நடுவுல குறிப்பிட்ட சூட்டுல இளகற உறை. இளகினா கம்பி ரெண்டும் ஒட்டிக்கும், அலாரம். 68 டிகிரிலேர்ந்து 180 டிகிரி வரைக்கும் பல ரகம் கிடைக்குது. எஞ்சின் ரூமுக்கு 68 எல்லாம் வாங்கினா டாக்சி போகும்போதே அலறும். மேல் ரகம் வாங்கி ஃபயர்வால் ஓரமாவும் பெட்ரோல் ஹோஸ் பக்கமாவும் ஓட விடணும். தெர்மோகப்பிள் நிக்கிற புள்ளியை மட்டும்தான் பார்க்கும், இது நீளம் முழுக்கப் பார்க்கும். உரசி உறை தேஞ்சா பொய் அலாரம் வரும், அதனால நல்லா கட்டி வைக்கணும். கடைசி முனையில ஒரு ரெசிஸ்டர் போட்டா, வயர் அறுந்தாலும் தெரியும்.

மூணாவது, ரெட்டை உலோகத்தகடு வளைஞ்சு தொடற சாதாரண சூட்டு ஸ்விட்ச். பழைய தொழில்நுட்பம், ஆனா ஸ்க்ரீனை நம்பி இல்ல. நேரா ஒரு சிவப்பு விளக்கு. ஸ்க்ரீன் படுத்துட்டாலும் எரியும்.

இதுல ரெண்டு ஏதாவது போடுங்க. ஒண்ணு மட்டும் போடாதீங்க. அலாரம் எத்தனை டிகிரியில அடிக்கணும்னு புத்தகத்துல தேடாதீங்க, உங்க விமானத்துல அளந்து பாருங்க. வெயில் நாள்ல முழு பவர்ல ஏறும்போது எவ்வளவு, இறங்கி எஞ்சினை அணைச்ச அப்புறம் காத்து ஓட்டம் நின்னு சூடு தேங்கும்போது எவ்வளவு, ரெண்டையும் குறிச்சு, பெருசுக்கு மேல 40, 50 டிகிரி தள்ளி வைங்க. அந்தப் பழைய 23.1203 இன்னும் சிலது சொல்லுது, எல்லாமே காசு இல்லாத புத்தி: உணரி அதிர்வைத் தாங்கணும், ஆயிலும் தண்ணியும் பட்டா கெடக் கூடாது, எஞ்சின் ரூமுக்குள்ள ஓடற உணரி வயர் தீயை ஓரளவு தாங்கணும், பறக்கும்போதே சர்க்யூட் வேலை செய்யுதான்னு பைலட் சோதிச்சுப் பார்க்க வழி இருக்கணும். ஒரு டெஸ்ட் பட்டன். கூட நானா ஒண்ணு சேர்க்கறேன். ரீடிங் ஏறினா மட்டும் இல்ல, ரீடிங் திடீர்னு காணாமப் போனாலும் அலாரம் அடிக்கணும். தீ முதல்ல தின்னறது வயரைத்தான். ஒவ்வொரு கட்டமா ஸ்க்ரீன்ல காலியாகும்போது, "அட, ஸ்க்ரீன் மக்கர் பண்ணுதே"ன்னு பைலட் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பான்.

அலாரம் அடிச்சா என்ன பண்ணணும்னு தரையிலயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கிட்டுப் பழகுங்க. பல வீட்டு விமானத்துல இப்ப இக்னிஷனும் எலக்ட்ரானிக், பெட்ரோல் பம்பும் எலக்ட்ரிக். மாஸ்டரை அணைச்சா எது எது சேர்ந்து சாகும்னு உங்க வண்டிக்கு நீங்கதான் எழுதி வைக்கணும். எவன் கையேடும் உதவாது.

*

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும், இல்லைன்னா நான் நேர்மையில்லாதவன் ஆயிடுவேன். உணரி வெச்சாச்சுன்னு ஹோஸுக்குத் தீ உறை போடாம விடறது, ஃபயர்வால் ஓட்டையில ரப்பர் வளையத்தை மாட்டிட்டு விடறது, எஞ்சின் ரூம்ல பெட்ரோல் லைனுக்கு அலுமினிய இணைப்பு வைக்கறது, இதெல்லாம் தற்கொலை. முதல்ல தீ வராமப் பாருங்க, அப்புறம் வந்தா தெரியற மாதிரி பாருங்க.

தீக்குப் பயந்து அவசரமா பண்ற வைத்தியமும் ஆளைக் கொல்லும். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12-ஆம் தேதி கலிஃபோர்னியாவுல மான்டெரே விரிகுடாவுல விழுந்து செத்தது ஒரு லாங்-ஈஸியில. வரைபடத்துல பெட்ரோல் வால்வு பைலட்டோட ரெண்டு காலுக்கு நடுவுல. அந்த விமானத்தைக் கட்டினவர் அதை பைலட்டோட இடது தோளுக்குப் பின்னாடி கொண்டு போய் வெச்சிருந்தார். காரணம்? ஆள் உட்கார்ற இடத்துக்குள்ள பெட்ரோல் வரக் கூடாதுங்கற எண்ணம். டேங்க் மாத்தத் திரும்பினப்ப கட்டுப்பாடு போச்சுன்னு விசாரணையில சொன்னாங்க. பயம் நியாயம், வைத்தியம் தப்பு. தீயைப் பத்திப் பேசவே கூச்சப்பட்டா இப்படித்தான் அவனவன் தனியா உட்கார்ந்து தனக்குத் தோணினதைப் பண்ணுவான். நாலு பேர் உரக்கப் பேசினா, யாராவது ஒருத்தர் "அண்ணே, அந்த வால்வு கைக்கு எட்டுமா?"ன்னு கேட்டிருப்பாங்க.

*

கடைசியா, கிட் விக்கறவங்களுக்கு. சீட் பெல்ட்டைப் பட்டியல்ல போடறீங்க. கப் ஹோல்டர்கூடப் போடறீங்க. ரெண்டு தெர்மோகப்பிளும் ஒரு சிவப்பு விளக்கும் பட்டியல்ல போட்டா உங்க கிட் விலை ஏறிடாது. 'ஆப்ஷன்'னு கடைசிப் பக்கத்துல போடாதீங்க. ஃபயர்வால் எப்படி ஆப்ஷன் இல்லையோ, அப்படிப் போடுங்க.

ஆய்வுக்கு வர்ற ஐயாமாருக்கு. சட்டம் கட்டாயப்படுத்தலைன்னாலும் வாயைத் திறந்து ஒரு தடவை கேளுங்க: "தீ வந்தா உனக்கு எப்படித் தெரியும்?" அந்தக் கேள்வியே போதும். பாதிப் பேர் வீட்டுக்குப் போய் யோசிப்பான்.

பெரியவருக்கு. நீங்க தமிழ் படிக்க மாட்டீங்க, அதனால இதை உங்க முகத்துக்கு நேரா ஏற்கெனவே சொல்லிட்டேன். அது இல்லாம உங்க வண்டியில நான் ஏற மாட்டேன்னு. அன்னிக்கு நீங்க சிரிக்கல. "உனக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?"னு கேட்டீங்க. ஒண்ணும் தெரியாதுதான். கருகின அந்த மூடியை என் கையால தடவிப் பார்த்திருக்கேன், அது மட்டும் தெரியும்.

வர்ற சனிக்கிழமை ரெண்டு தெர்மோகப்பிள் வாங்கிக்கிட்டுப் போறேன். என் காசுல. மாட்ட விடறாரோ, துரத்தி விடறாரோ, பார்ப்போம்.

பி.கு: "விமானமே இல்லாத எனக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு ரெண்டு பேராவது நினைச்சிருப்பீங்க. உங்க வீட்டு சமையக்கட்டுல சிலிண்டர் ரப்பர் ட்யூப் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு? முதல்ல போய் அதைப் பாருங்க.